ஃபியூஸ் அண்ணாவின் ராஜினாமா

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே உன் அத்தை பூரண சௌக்கியம். எனக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. முகம் ஒன்றைத்தான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அங்கே நீயும் என் மகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்ன, நேற்று மத்தியானம்கூட நீ நன்றாகத்தான் இருந்தாய், லேசாகத் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான். நேற்று இவர் போன்கூடப் பண்ணவில்லையே, அது எப்படித் தெரியும் என்று இப்போது நீ புருவத்தைத் தூக்குவாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் பல தடவை உன்னைக் கூப்பிட்டேன். "சொல்லுங்க மாமா" என்று நீ ஆரம்பித்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அங்க மழையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். "உங்கப்பாவுக்கு என்ன ஆச்சு, தினமும் மழையப் பத்தியே கேக்கறாரு" என்று நீ என் மகனிடம் சொல்லியிருப்பாய். மின்னஞ்சல் அனுப்பினால் அது அவன் கண்ணிலும் படும், பட்டால் வருஷக்கணக்கில் வைத்து ஓட்டுவான். ஆகையால் தபால்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் அம்மா. நீ கேப்டனாக இருந்து ஆடுகிறாயே ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம், யாருமில்லாத ஊருக்குள் நாலு பேர் போய் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, எதிர் கோஷ்டி சுடுவதற்குள் லாரிக்குத் திரும்பி வரவேண்டுமே, அதில் உன் குழுவின் நாலாவது ஆள், மைக்கில் ஒரு வார்த்தை பேசாமல் எழுத்தில் மட்டும் பதில் போடுகிறவன், நீங்கள் எல்லோரும் ஃபியூஸ் அண்ணா, ஃபியூஸ் அண்ணா என்று கூப்பிடுகிறீர்களே, அது நான்தான். உன் மாமனார். மின்சார அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உன்னைத் "தங்கச்சி" என்று எழுதிய கை இதே கைதான். எழுதிவிட்டேன், இப்போது நீ கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

நீங்கள் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபோது பழைய கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுப் போனீர்கள் அல்லவா, போட்டோ பார்க்கவும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவும் ஆகும் என்று. நான் அதைத் திறந்தது கெட்ட எண்ணத்தோடுதான். இந்தப் பெண் அப்படி என்னத்தைத்தான் மணிக்கணக்காக ஆடுகிறாள், உள்ளே போய் ஒரு தரம் பார்த்துவிட்டால் அடுத்த தடவை ஆதாரத்தோடு பேசலாமே என்று உளவு பார்க்கப் போனேன். பெயர் கேட்டது, வாயில் வந்ததைப் போட்டேன். அந்த மெஷினில் நீ முன்பு ஆடிவிட்டுப் போனபடியே உன் குழுவின் கதவு திறந்தே இருந்தது. நுழைந்தவுடன், "புது ஆளா, வாங்கண்ணா, சுவரோரமா நில்லுங்க, நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று உன் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் அசையவேயில்லை. ஆட்டம் முடிந்ததும், "அண்ணா, சூப்பரா மறைஞ்சு நின்னீங்க, உங்க அளவுக்குப் பொறுமை இந்த ரெண்டு பேருக்கும் கிடையாது" என்றாய். நான் வேலை பார்த்த காலம் முழுக்க என்னை ஒரு ஆள் நன்றாகச் செய்தீர்கள் என்று சொன்னதில்லை அம்மா. எங்கே கரண்ட் போனாலும் திட்டு, வந்தால் ஒருத்தன் நினைத்துப் பார்க்கமாட்டான். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி மறுநாளும் வந்தேன். அதற்கும் மறுநாள் வந்தேன். உன் அத்தையிடம் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக்கு விண்ணப்பங்கள் தட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அதைத் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். "இந்த வயசுலயும் ஊருக்கு உழைக்கிறாரு" என்று பக்கத்து வீட்டு டீச்சர் எனக்குக் கும்பிடு போடுகிறார். நான் என்னத்தைச் சொல்ல?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களாக, ஆட்டத்தில் ஊரைப் பெரிதாக்கி மாற்றியதிலிருந்து, மெஷின் மக்கர் செய்வது உனக்குத் தெரியும். எதிராளி வாசலில் நிற்பது தெரிகிறது, திரும்பு என்று எலியைத் தள்ளுகிறேன், படம் அப்படியே உறைந்துபோகிறது. பிறகு அதற்கு உயிர் வரும்போது எனக்கு உயிர் போயிருக்கிறது. கேப்டனாகிய நீ முதலில் கேட்ட கேள்வி, "அண்ணா, பவர் மோடு என்ன வச்சிருக்கீங்க?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்று கோபம். கரண்டைப் பற்றி எனக்கே பாடமா? "மின்சாரம் குறித்து நான் அறியாதது எதுவும் இல்லை, தாங்கள் அடுத்ததைக் கேட்கவும்" என்று எழுதினேன். நீயும், "சரிண்ணா, கோவிச்சுக்காதீங்க, சூடாகுதான்னு பாருங்க, தூசி இருந்தா தட்டுங்க" என்றாய்.

சூடாகாமல் என்ன செய்யும்? உன் அத்தை தொட்டதற்கெல்லாம் உறை தைப்பவள் என்று உனக்குத் தெரியும். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் கனத்த திரைச்சீலைத் துணியில் ஒன்று தைத்து, கீழே நாடா வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். நானும் அதைக் கழற்றாமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். கழற்றினால் உள்ளே இருந்து அடுப்பைத் திறந்த மாதிரி அனல். பெட்டியைத் திறந்து தூசி தட்டலாம் என்று கைக்குக் கிடைத்த பிரஷ்ஷை எடுத்தேன். அது அத்தையின் பவுடர் பிரஷ். தூசி போனது உண்மைதான், ஆனால் விசிறியைச் சுழலவிட்டதும் பெட்டிக்குள்ளிருந்து வாசனையோடு வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பி என் தலை, மீசை, மேஜை எல்லாவற்றிலும் படிந்தது. அந்த நேரம் பார்த்து உன் அத்தை உள்ளே வந்தாள். "என்னங்க இது கோலம்? விண்ணப்பம் தட்டறதுக்கு எதுக்குப் பவுடர்?" என்றாள். சங்கத்தில் போட்டோ கேட்கிறார்கள் என்று ஒரு பொய். உடனே பக்கத்து அறைக்குப் போய் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, என்னை நிற்க வைத்து அவளே போட்டோவும் எடுத்தாள். அதில் நான் திருடன் மாதிரி முழிக்கிறேன். உங்களுக்கும் அனுப்பினாளே, "அப்பா எவ்வளவு அழகா இருக்காரு பாருங்க" என்று. அதன் வரலாறு இதுதான்.

தூசி தட்டின கையோடு, கழற்றி வைத்திருந்த ஒயர்களைத் திரும்பச் சொருகினேன். திரையிலிருந்து வருகிற ஒயருக்குப் பெட்டியின் பின்னால் இரண்டு இடம் இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே குனிய இடுப்பு இடம் கொடுக்கவில்லை, மேலே இருந்ததில் சொருகினேன். இரண்டும் ஒரே வடிவம், எதில் சொருகினால் என்ன? அன்றிலிருந்து நிலைமை படுமோசம். முன்பு தடுக்கித் தடுக்கியாவது ஓடியது, இப்போது கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு படமாக வந்தது. நீ விடாமல் கேட்டாய்: "அண்ணா, திரை ஒயர மேல சொருகியிருக்கீங்களா, கீழயா? கீழ இருக்கறதுதான் படத்துக்குன்னு தனியா போட்ட அட்டை. மேல சொருகினா அந்த அட்டை சும்மா தூங்கும்." நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைவிருக்கிறதா? "நடுவில்" என்று எழுதினேன். நடுவில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. மேலே என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, கீழே என்று பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. நீ, "ஓ" என்றாய்.

அதற்குப் பிறகு சும்மா இருந்தேனா? மெஷினை வேகப்படுத்தித் தருகிறோம் என்று இணையத்தில் ஒரு விளம்பரம் வந்தது, அதை இறக்கினேன். இறங்கியதும் இறங்காததுமாக உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் கோளாறு என்று சிவப்பு எழுத்தில் கத்தியது. அது சொல்வது நிஜமா என்று பார்க்க இன்னொன்றை இறக்கினேன். அது முதலில் வந்ததே கோளாறு என்றது. இரண்டுக்கும் நடுவே நியாயம் சொல்ல மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. மூன்றும் உள்ளே கட்டிப்புரண்டு சண்டை போட்டதில் மெஷின் திறப்பதற்குள் நான் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்றாகிவிட்டது. அப்போதும் என் மேல் தப்பு என்று தோன்றவில்லை பார். இணைய இணைப்புக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். பாவம், வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, "சார், ஸ்பீடு பிரமாதமா வருது, இதுல நாலு வீட்டுக்காரங்க படம் பாக்கலாம். உங்களுக்கு என்ன செய்யும்போது நிக்குது?" என்று கேட்டார். அத்தை பக்கத்தில் நிற்கிறாள். "விண்ணப்பம் தட்டும்போது" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. மருந்துப் பெட்டியை நான்தான் சுமந்துகொண்டு வந்தேன். கிடங்குக்கு வாசல் ஒன்றே ஒன்று. நான் முன்னால், நீங்கள் மூவரும் பின்னால். சரியாக வாசற்படியில் கால் வைத்ததும் மெஷின் நின்றது. பெட்டியோடு நான் வாசலை அடைத்துக்கொண்டு சிலையாக நிற்கிறேன், நீங்கள் வெளியே வர வழியில்லை. "அண்ணா நகருங்க! அண்ணா! யோவ் ஃபியூஸு!" என்று மற்ற இருவரும் கத்துகிறார்கள், பின்னாலிருந்து எதிர் கோஷ்டி வந்து சாவகாசமாக ஒவ்வொருவராகச் சுட்டுவிட்டுப் போனது. இன்னொரு தடவை தோற்றால் போட்டியை விட்டே வெளியே. மற்ற இருவரும் ஃபியூஸை மாற்று என்று உன்னிடம் சண்டை போட்டது என் காதில் விழுந்தது. நீ, "அவர் வேணும்னேவா செஞ்சாரு? மாத்த மாட்டேன். அண்ணா, வர சனிக்கிழமைக்குள்ள மெஷினச் சரி பண்ணிடுங்க, பரவாயில்ல" என்றாய். நீ திட்டியிருக்கலாம். அந்தப் பரவாயில்லதான் என்னைக் கொன்றுவிட்டது.

ஏனென்றால் அதற்கு முந்தின வாரம், ஆள் சேருவதற்காகக் காத்திருந்த நேரத்தில், நீயும் நானும் மட்டும் இருந்தபோது ஒன்று சொன்னாய். "லீவுக்கு எங்க மாமனார் வீட்டுக்குக் கூப்பிடறாங்கண்ணா, எனக்குத்தான் போகப் பிடிக்கல" என்றாய். நான் உடனே விலகியிருக்க வேண்டும். மானமுள்ளவன் அதைத்தான் செய்திருப்பான். நானோ, "ஏன் தங்கச்சி?" என்று எழுதினேன். நீ சொன்னாய்: "போன தடவ போயிருந்தப்ப வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான் ஆட உக்காந்தேன். வந்தவங்க எல்லார் முன்னாடியும் பிளக்கப் புடுங்கிட்டு, இதுக்குத்தான் இவங்க வீட்டுல படிக்க வச்சாங்களான்னு கேட்டாரு. பிளக்கப் புடுங்கினது போகட்டும். எங்கப்பா ராத்திரி பகலா வண்டி ஓட்டி என்னைப் படிக்க வச்சாரு. அவர எதுக்கு இழுக்கணும்? இனிமே அந்த வீட்டுக்குப் போனா விருந்தாளி மாதிரி கையக் கட்டிட்டுத்தான் உக்காரணும்." நான் என்ன எழுதினேன்? "பெரியவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார், மனதளவில் தங்கமானவராகத்தான் இருப்பார்" என்று எனக்கு நானே நற்சான்று கொடுத்தேன். "உங்களுக்கு அவரத் தெரியாதுண்ணா" என்றாய். கூசிப்போனேன் அம்மா. இதை எழுதும்போதும் கூசுகிறது. மறைந்து நின்று கேட்டது ஒரு குற்றம், மறைந்து நின்று எனக்கே வக்காலத்து வாங்கியது அதைவிடப் பெரிய குற்றம்.

இன்று காலைதான் கோளாறு பிடிபட்டது. மூன்று வேகப்படுத்திகளையும் கழற்றி எறிந்துவிட்டு, இருக்கிற பொத்தான்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மின்சாரப் பக்கத்தைத் திறந்தால், "அதிகபட்சச் சேமிப்பு" என்று டிக் போட்டிருக்கிறது. யார் போட்டது? நான்தான். நீங்கள் கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போன அன்றைக்கே, அதை வேறு எதற்கும் தொடும் முன்பே, கரண்ட் வீணாகக் கூடாது என்று நானே தேடிப் பிடித்து அதன் கழுத்தை நெரித்து வைத்திருக்கிறேன். நீ முதல் நாளே கேட்ட பவர் மோடு இதுதான். ஊரெல்லாம் போய் மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசின வாய் இது. ஆட்டத்துக்குள்கூடக் காலியாகக் கிடக்கிற வீடுகளில் புகுந்து எரிகிற விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு வருவேன். நாம் அணைக்காவிட்டால் யார் அணைப்பார்கள்? அந்தப் பெருமையில் ஒரு பகுதியாவது மூளையாக இருந்திருக்கக் கூடாதா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒயரையும் கீழே மாற்றிவிட்டேன். இன்னும் ஆடிப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு ஆடுவது?

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். ஃபியூஸ் இனி வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல இளம் ஆளாகப் பார்த்துச் சேர்த்துக்கொள். உன் அப்பாவை நேரில் பார்த்து நானே மன்னிப்புக் கேட்கிறேன். என்னவென்று கேட்டால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். லீவுக்கு நீ இங்கே வரவேண்டாம் என்று நினைத்தால் வரவேண்டாம், நான் முகம் சுளிக்கமாட்டேன், அத்தையை நான் சமாளித்துக்கொள்கிறேன். வந்தால், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடு. உன்னை அண்ணன் முறையில் ஏமாற்றியதை மாமன் முறையில் மன்னித்துவிடு. நீயும் என் மகனும் நோய் நொடி இல்லாமல், உங்கள் ஊரில் கரண்ட் போகாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக வாழவேண்டும். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
உன் மாமா

பி.கு.: கவரை ஒட்டப் போனவன் ஒட்டவில்லை. மெஷின் நிஜமாகவே சரியாயிற்றா என்று தெரியாமல் விலகினால் மனசு ஆறாது, ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனால் என் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாதல்லவா, அதனால் எழுதுகிறேன். அடேயப்பா, என்ன ஓட்டம்! மரத்தில் இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைகிறது. இத்தனை நாள் கண் தெரியாமலா ஆடினேன் என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது உன்னிடமிருந்து எழுத்தில் வந்தது: "பவர் மோடு மாத்திட்டீங்களா மாமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். மாமா என்றுதான் இருந்தது. அப்போதும் "எந்த மாமா?" என்று கேட்டேன் பார், அதைவிடக் கேவலம் உண்டா? "எங்க வீட்டுக்காரரோட அப்பா" என்றாய். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "முதல் வாரமே. சுத்திக் குண்டு பறக்குது, நீங்க காலி வீட்டுக்குள்ள போய் லைட்ட அணைச்சிட்டு இருந்தீங்க. உலகத்துல வேற யாரு அத செய்வா? அதனாலதானே மெஷின் நின்னதும் முதல் கேள்வியே பவர் மோடப் பத்திக் கேட்டேன்" என்றாய். "அப்படியானால் தங்கள் மாமனாரைப் பற்றிச் சொன்னதெல்லாம்?" என்று தட்டினேன்.

"உங்ககிட்டதான் சொன்னேன். நேர்ல ஆரம்பிச்சா என்னைப் பேச விடுவீங்களா? ஃபியூஸ் அண்ணா கடைசி வரைக்கும் கேட்டாரு."

ஆகவே மேலே நான் பக்கம் பக்கமாக எழுதியது எதுவும் உனக்குச் செய்தியே இல்லை. நீ அதைப் போட்டதும் என்னால் ஒரு எழுத்துத் தட்ட முடியவில்லை அம்மா, கண்ணை மறைத்துவிட்டது. ஆட்டம் ஆரம்பித்து, லாரி நகர்ந்து, மற்ற இருவரும் ஏறிவிட்டார்கள். என் ஆள் மட்டும் நடுத்தெருவில் நிற்கிறான். நீ லாரியிலிருந்து இறங்கித் திரும்பி என்னிடம் ஓடி வந்தாய். இந்தத் தடவை குரலிலேயே கேட்டாய்: "என்ன மாமா, திரும்பவும் மெஷின் நின்னுடுச்சா?"

அப்போதுதான் முதல் தடவையாக மைக்கைத் திறந்தேன். "மெஷின் நல்லா ஓடுதும்மா. நான்தான் நின்னுட்டேன்."